கப்போடு பள்ளிக்குப் போகும் பிள்ளைகள்

பிள்ளை காலையில் சாப்பிடாமல் ஸ்கூலுக்குக் கிளம்பினால் நம் வீடு ரெண்டுபடும். ஷூ மாட்டும்போதுகூட, ‘இன்னும் ஒரே ஒரு வாய்’ என்று இட்லியை ஊட்டிவிடுகிறோம். ஊட்டுவதற்கு வீட்டில் எதுவுமே இல்லை என்றால்? அந்தப் பிள்ளை ஸ்கூலுக்குப் போகுமா, கூலி வேலைக்குப் போகுமா?

ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் லட்சக்கணக்கான வீடுகளின் கதை இதுதான். 1994-ல் அந்த நாட்டு அரசு தொடக்கப்பள்ளிக் கட்டணத்தை அடியோடு நீக்கியது. பிள்ளைகள் திரண்டு வந்து சேர்ந்தார்கள். ஆனால், சேர்ந்த பலர் தொடர்ந்து வரவில்லை. கட்டணம் போனது, பசி போகவில்லை. அங்கே பெரும்பாலான குடும்பங்கள் மழையை நம்பி மக்காச்சோளம் பயிரிடுபவை. ஏப்ரல் வாக்கில்தான் அறுவடை. அதற்கு முந்தைய மாதங்களில் வீட்டில் தானியம் தீர்ந்துவிடும்.

2002-ல் அங்கே கடும் பஞ்சம். உதவிக்குப் போயிருந்தார் மேக்னஸ் மெக்ஃபார்லேன்-பேரோ. ஸ்காட்லாந்தில் மீன் பண்ணையில் வேலை பார்த்தவர். 1992-ல் போஸ்னியா போர்ச் செய்தியைப் பார்த்துவிட்டு, ஒரு வாரம் லீவு போட்டு, சகோதரரோடு ஜீப்பில் கம்பளியும் உணவும் ஏற்றிப் போய்க் கொடுத்தார். திரும்பி வந்து பார்த்தால், அப்பாவின் தகரக் கொட்டகை நிறைய ஊர்க்காரர்கள் கொடுத்த பொருட்கள்! வேலையை விட்டுவிட்டு அதையே தொழிலாக்கிக்கொண்டார்.

மலாவியில் ஒரு குடிசையில், எய்ட்ஸால் மரணப் படுக்கையில் கிடந்த ஒரு தாயைச் சந்தித்தார். சுற்றிலும் ஆறு பிள்ளைகள். மூத்தவனுக்கு 14 வயது. அவனிடம், ‘உனக்கு என்ன ஆசை?’ என்று கேட்டார். வயிறு நிறையச் சாப்பிட வேண்டும், என்றாவது ஒருநாள் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்றான் அவன்.

அந்த இரண்டு ஆசைகளையும் ஒரே இடத்தில் சேர்த்ததுதான் ‘மேரீஸ் மீல்ஸ்’. பள்ளிக்கு வந்தால் சாப்பாடு. அந்த ஆண்டே 200 பிள்ளைகளோடு ஆரம்பித்தது. இன்று பல நாடுகளில் 20 லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் ஒவ்வொரு பள்ளி நாளும் சாப்பிடுகிறார்கள். மலாவியில் மட்டும் சுமார் 10 லட்சம் பேர்.

பெரிய விருந்தெல்லாம் இல்லை. மக்காச்சோளமும் சோயாவும் அரைத்த மாவில், சத்துகள் சேர்த்துக் காய்ச்சிய கஞ்சி. பிள்ளைகள் ஆளுக்கொரு பிளாஸ்டிக் கப்போடு வரிசையில் நிற்பார்கள். தானியத்தை முடிந்தவரை அந்த நாட்டிலேயே வாங்குவதால், உள்ளூர் விவசாயிக்கும் நாலு காசு கிடைக்கிறது.

ஒரு பிள்ளைக்கு வருடம் முழுக்கச் சாப்பாடு போட 20 பவுண்டு அளவில்தான் ஆகிறது என்கிறது இந்த அமைப்பு. நம் பணத்தில் 2,000 ரூபாய்ச் சொச்சம். இவ்வளவு குறைவாக எப்படி முடிகிறது? சமைப்பவர்களுக்குச் சம்பளம் கிடையாது. பிள்ளைகளின் அம்மாக்களும் பாட்டிகளும் முறை வைத்துக்கொண்டு, விடியும் முன்பே வந்து அடுப்பு மூட்டுகிறார்கள். விறகு, தண்ணீர், கிளறல், பரிமாறல் எல்லாம் அவர்கள் பொறுப்பு. முடித்துவிட்டுத்தான் தங்கள் காட்டு வேலைக்குப் போகிறார்கள். நன்கொடை கொடுத்தவரின் கணக்கு ரசீதில் இருக்கிறது. இந்தப் பெண்களின் உழைப்பு எந்த ரசீதிலும் இல்லை. ஆனால், அவர்கள் வராத நாளில் மாவு மூட்டையிலேயேதான் கிடக்கும்.

சரி, கஞ்சி ஊற்றினால் வறுமை ஒழிந்துவிடுமா? ஒழியாது. பிள்ளைகள் கூடக்கூட வகுப்பறை போதவில்லை, ஆசிரியர் போதவில்லை. மரத்தடியில் பாடம் நடக்கும் பள்ளிகள் அங்கே இன்னும் உண்டு. தூர தேசத்தில் இருப்பவர்களின் மனசை நம்பி ஓடும் திட்டம் என்பதால், அவர்கள் கை சுருங்கினால் கப்பும் காலியாகும் என்ற பயமும் இருக்கிறது. பள்ளிச் சாப்பாட்டை ஓர் அரசே பொறுப்பெடுத்துச் செய்வதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த வித்தியாசம் சட்டென்று புரியும்.

ஆனாலும், அரசு அந்த இடத்துக்கு வரும்வரை அந்தப் பிள்ளைகளின் வயிறு காத்திருக்காது. இன்றைக்கு 7 வயதில் இருக்கும் பிள்ளைக்கு இன்றைக்கே சாப்பாடு வேண்டும், இந்த வருடமே பாடம் வேண்டும்.

பிறந்தநாளுக்கோ, நினைவு நாளுக்கோ ஏதாவது ஓர் அமைப்புக்குப் பணம் அனுப்பும் பழக்கம் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அடுத்த முறை அனுப்பும் முன்பு இரண்டே கேள்விகள் கேட்டுப் பாருங்கள். அங்கே இருப்பவர்களிடம் கேட்டுவிட்டுக் கொடுக்கிறார்களா, தங்களுக்குத் தோன்றியதைக் கொடுக்கிறார்களா? அந்த வேலையில் உள்ளூர்க்காரர்களின் கை இருக்கிறதா? பதில் திருப்தியாக இருந்தால் தாராளமாக அனுப்புங்கள். போனில் பணம் அனுப்பும்போது பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்து, யாருக்கு, எதற்கு என்று சொல்லுங்கள். இட்லியை வேண்டாம் என்று தள்ளும் வயதிலேயே அது தெரிந்திருப்பது நல்லது.