கை ரெண்டு... பெட்டி எத்தனை?



செமஸ்டர் லீவுக்கு சிங்கப்பூர் அத்தை வீடு, இன்டர்ன்ஷிப்புக்கு துபாய், எம்.எஸ். படிக்க ஜெர்மனி... காரணம் எதுவா இருந்தாலும் நம்ம ஊரு வீடுகள்ல நடக்கிற கூத்து ஒண்ணுதான். எடை மெஷின்ல பெட்டியைத் தூக்கி வெச்சு, 'இன்னும் ரெண்டு கிலோ இடமிருக்கு, அந்த முறுக்கு டப்பாவையும் வை'னு ஒரு பஞ்சாயத்து!

ஒரு சின்ன கணக்கு போடுவோம். ஒரு கையில பெரிய பெட்டி, இன்னொரு கையில சின்னப் பெட்டி. அப்ப பாஸ்போர்ட் இருக்கிற தோள்பையை யாரு பார்த்துக்கிறது? திருடன்தான் பார்த்துக்குவான்!

சுமையைக் குறைக்கிறதுல நமக்கு ஒரு சூப்பர் சீனியர் இருக்கார். 1921 செப்டம்பர் 22-ம் தேதி, நம்ம மேலமாசி வீதி வீட்டுல வெச்சுத்தான் காந்தி அரையாடைக்கு மாறினார். பத்து வருஷம் கழிச்சு, 1931-ல வட்டமேஜை மாநாட்டுக்காக 'ராஜ்புதானா' கப்பல்ல லண்டன் கிளம்பினார். கூட வந்தவங்க அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்ததும் மனுஷர் டென்ஷன் ஆயிட்டார். தேவையில்லாத பெட்டியெல்லாம் ஏடன் துறைமுகத்துலேர்ந்து இந்தியாவுக்கே ரிட்டர்ன்! லண்டன் குளிருக்குப் போறவரே அப்படின்னா, நமக்கு எதுக்கு பாஸ் ஏழு ஜீன்ஸ்?

பல விமானங்கள்ல கையோட எடுத்துட்டுப் போக 7 கிலோதான் அனுமதி. ஒரு வாரப் பயணத்துக்கு அது தாராளம். நாலு டி-ஷர்ட், ரெண்டு பேன்ட், துவைக்க ஒரு சோப்பு. ஹாஸ்டல்ல பழகின வித்தைதானே! டர்க்கி டவலை வீட்டுல விட்டுட்டு ஈரிழைத் துண்டை எடுங்க. எடையும் இல்லை, சீக்கிரம் காஞ்சிரும். பவர் பேங்க் கைப்பையில மட்டும்தான் வரணும். ஊறுகாயை கைப்பையில வெச்சா செக்கிங்ல பிடுங்கிருவாங்க.

இன்னொண்ணு, ரொம்ப முக்கியம். அம்மா பாசத்தோட கட்டித் தர்ற மசாலா சாமான்ல கசகசா இருக்கான்னு பாருங்க. துபாய்லயும் சிங்கப்பூர்லயும் அது போதைப்பொருள் சட்டத்துல வருது. அதே மாதிரி, 'எங்க மாமாகிட்ட குடுத்துருப்பா'னு ஏர்போர்ட்ல யாராச்சும் பார்சல் நீட்டினா, பெரிய கும்பிடு போட்டு நகர்ந்திருங்க. உள்ளே என்ன இருந்தாலும் பதில் சொல்ல வேண்டியது உங்க பெட்டி, உங்க பேரு. சிங்கப்பூர்ல போதைக் கடத்தலுக்கு மரண தண்டனை வரைக்கும் இருக்கு.

சரி, திருட்டுக்கு வருவோம். அழகர் ஆத்துல இறங்குற கூட்டத்துக்குள்ள போறப்ப நம்ம அப்பத்தா செயினை ரவிக்கையோட ஊக்கு போட்டுக் குத்திக்கும். அப்பா பர்ஸை முன் பாக்கெட்டுக்கு மாத்துவார். பாரிஸ், ரோம், பார்சிலோனா மெட்ரோவுக்கும் அதே ஃபார்முலாதான். பையை முதுகுல இல்லை, நெஞ்சுல மாட்டுங்க.

அங்கே டெக்னிக் மட்டும் கொஞ்சம் ஸ்டைலா இருக்கும். ஒருத்தர் உங்க சட்டையில எதையாவது கொட்டிட்டு, 'ஸாரி'னு துடைச்சு விடுவார். இன்னொருத்தர் பர்ஸை உருவிருவார். ஹோட்டல் டேபிள்ல செல்போன் இருந்தா, மேல ஒரு மேப்பை விரிச்சு வழி கேட்பாங்க. மேப் போறப்ப போனும் போயிரும். ரயில் கதவு மூடுற நேரம் பார்த்துப் பிடுங்கிட்டு இறங்குறவங்களும் உண்டு. முன்பின் தெரியாதவர் திடீர்னு ரொம்ப நெருங்கி வந்தா, பதில் சொல்றதுக்கு முன்னாடி கை பையைப் பிடிக்கணும்.

பணத்தை ஒரே இடத்துல வைக்காதீங்க. கொஞ்சம் பர்ஸ்ல, மீதி வேற இடத்துல. ரெண்டு கார்டு இருந்தா ரெண்டும் ஒரே பையில வேண்டாம். கார்டை பிளாக் பண்ற பேங்க் நம்பரை பேப்பர்ல எழுதி வைங்க. போனே திருடு போயிட்டா போன்ல இருக்கிற நம்பர் எதுக்கு ஆகும்? *#06# அடிச்சா வர்ற ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் அதே பேப்பர்ல குறிச்சுக்கங்க.

பாஸ்போர்ட் தொலைஞ்சா? முதல்ல அந்த ஊர் போலீஸ்ல புகார், அடுத்து இந்தியத் தூதரகம். அவங்க தர்ற எமர்ஜென்சி சர்டிபிகேட், இந்தியா திரும்புற ஒரே ஒரு பயணத்துக்குத்தான் செல்லும். படிப்பைத் தொடரணும்னா அங்கேயே புது பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிச்சு, விசாவுக்கும் அலையணும். அதனால பாஸ்போர்ட், விசா நகல், ரெண்டு போட்டோ... இதெல்லாம் தனிப் பையில ஒரு செட், வீட்டுல ஒரு செட், மெயில்ல ஒரு செட். அலைச்சல் பாதியா குறையும்.

கடைசியா ஒரு டெஸ்ட். பேக்கிங் முடிஞ்சதும் அத்தனையையும் நீங்களே தூக்கிட்டு உங்க தெருவை ஒரு ரவுண்டு வாங்க. மாடிப்படி இருந்தா ஏறி இறங்குங்க. ஒரு கை காலியா இருந்துச்சுன்னா நீங்க பாஸ். இல்லைன்னா, அந்த முறுக்கு டப்பாவை வெளியே எடுத்து எங்களுக்கு அனுப்பி வைங்க மக்கா!