கைக்கு எட்டும் அறிவு

காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டு முன்கூடத்தில் தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி உட்கார்ந்திருக்கும். துளையிட்ட அட்டைகளைக் கோத்த மாலை அதிலிருந்து தொங்கும். மிதியை மிதிக்கும்போது ஓர் அட்டை முன்னால் வந்து நிற்கும். துளை உள்ள இடத்தில் கொக்கி மேலேறித் தன்னோடு சேர்ந்த பாவு இழைகளைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் இழை கிடந்தபடி கிடக்கும். அந்த இடைவெளியில் நாடா ஓடும். கரையில் மயில் தோன்றுவதும் முந்தியில் மாங்காய் பூப்பதும் இந்த 'உண்டு, இல்லை' கணக்கால்தான். லியோன் நகரத்து ஜோசப் மாரி ஜக்கார்டு 1804இல் உருவாக்கிய இந்த அட்டை முறையைத்தான் சார்லஸ் பாபேஜ் 1830களில் தன் கணக்கு இயந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார். பல வீடுகளில் இப்போது அட்டை போய் மின்னணுப் பெட்டி வந்துவிட்டது. ஆனாலும் அந்தக் கூடத்தில் வளரும் பிள்ளைக்கு, கட்டளையை ஏற்று வேலை செய்யும் இயந்திரம் புதியதில்லை.

அந்தப் பிள்ளைகள் வீட்டிலேயே சிறு ரோபோ செய்து பார்க்க வேண்டும் என்று நான் விரும்புவதற்குக் காரணம், ரோபோத் துறையின் வரலாற்றிலேயே இருக்கிறது.

1948–49இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் கிரே வால்டர் என்ற மூளை ஆய்வாளர் இரண்டு இயந்திர ஆமைகளைச் செய்தார். எல்மர், எல்சி என்று பெயர். ஒவ்வொன்றிலும் இரண்டு மின்னணு வால்வு, இரண்டு மோட்டார், வெளிச்சத்தை உணரும் ஒரு செல், எதிலாவது இடித்தால் மின் தொடுப்பு ஏற்படும் ஓடு. அவ்வளவே. ஆனால் அவை வெளிச்சத்தைத் தேடிப் போயின; கண் கூசும் அளவு வந்ததும் விலகின; முட்டினால் வளைந்து சென்றன; பேட்டரி குறைந்ததும் விளக்கு எரியும் கூட்டுக்குத் திரும்பின. கண்ணாடி முன் விட்டபோது தம் விளக்கின் பிம்பத்தைக் கண்டு தள்ளாடித் தள்ளாடி ஆடின. மூளையின் வளம் உறுப்புகளின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை, அவை ஒன்றோடொன்று பிணைந்திருக்கும் விதத்தில் இருக்கிறது என்பதை அவர் தரையில் ஓடவிட்டுக் காட்டினார்.

அவர் 1953இல் எழுதிய புத்தகம் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் வளர்ந்த ராட்னி புரூக்ஸ் கையில் கிடைத்தது. வால்வுக்குப் பதில் டிரான்சிஸ்டர் போட்டு, 'நார்மன்' என்றொரு வண்டியை அவரே கட்டினார். அந்தக் காலத்தில் அமெரிக்காவின் பெரிய ஆய்வுக்கூடங்களோ ரோபோவுக்கு முதலில் உலகத்தின் வரைபடத்தைக் கொடுத்து, அதை வைத்து யோசிக்கச் சொல்லிக்கொண்டிருந்தன. ஓர் அறையைக் கடப்பதே பெரும்பாடாக இருந்தது. பின்னாளில் எம்.ஐ.டி.யில் சேர்ந்த புரூக்ஸ், வரைபடமே வேண்டாம், காலும் உணரியும் நேரடியாகப் பேசிக்கொள்ளட்டும் என்று சொல்லி, 1989இல் கெங்கிஸ் என்ற ஆறுகால் பூச்சியை நடக்கவைத்தார். அவர் பிறரோடு சேர்ந்து தொடங்கிய நிறுவனம் 2002இல் ரூம்பா என்ற வீடு பெருக்கும் ரோபோவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சிறுவயதில் கையால் செய்து பார்த்தவருடைய துணிச்சல் அது.

இன்று இதே சோதனையைச் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் சாமான்களை வைத்தே செய்துவிடலாம். மஞ்சள் நிற கியர் மோட்டார் இரண்டு, அர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகை ஒன்று, தொலைவை அளக்கும் அல்ட்ராசோனிக் உணரி மூன்று. இடம், முன், வலம் என மூன்று பக்கமும் சுவர் அருகிலா, நடுத்தரமா, தொலைவிலா என்று பார்த்தால் 27 நிலைகள். நேரே போ, இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு என மூன்று செயல்கள். ஒவ்வொரு நிலையிலும் ஒவ்வொரு செயலுக்கும் ஒரு மதிப்பெண், ஆக 81 எண்கள். எண் அதிகமுள்ள செயலையே வண்டி தேர்ந்தெடுக்கும். நோட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். தொடக்கத்தில் எல்லாம் பூஜ்யம். முட்டினால் அந்த நிலையில் செய்த செயலின் எண் குறையும், முட்டாமல் போனால் ஏறும். முதலில் பீரோவிலும் சுவரிலும் போய் மோதும் வண்டி, மெல்ல மெல்லக் கூடத்தைப் பழகிக்கொள்ளும்.

இதில் ஒரு சிக்கல் வரும். நேராகப் போவதற்கும் திரும்புவதற்கும் ஒரே மதிப்பெண் கொடுத்துவிட்டால், வண்டி நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். முட்டவே இல்லையே, மதிப்பெண் ஏறுகிறதே! பிழை இயந்திரத்தில் இல்லை; எதைப் பாராட்டுகிறோம் என்று நாம் வகுத்த விதியில் இருக்கிறது. இன்று உலகை ஆளும் மாபெரும் மென்பொருள்களைச் சுற்றி நடக்கும் விவாதங்களில் பாதி இதுதான். பதினான்கு வயதுப் பிள்ளை அதைத் தன் வீட்டுத் தரையில் கண்ணால் பார்த்துவிடுகிறது. போனில் கேள்வி தட்டிப் பதில் வாங்கும் பழக்கம் இந்தப் பாடத்தை ஒருநாளும் தராது.

வெகுமதியால் கற்பிக்கும் இந்த முறைக்கு அடித்தளமிட்ட ஆண்ட்ரூ பார்ட்டோவும் ரிச்சர்ட் சட்டனும் கணினித் துறையின் டூரிங் விருதை 2024ஆம் ஆண்டுக்குப் பெற்றார்கள். பார்ட்டோவின் மாணவர் பி. ரவீந்திரன் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர். கிண்டிப் பொறியியல் கல்லூரியில் 1958இல் சிவில் படித்து முடித்த ராஜ் ரெட்டி, கார்னகி மெலன் ரோபாட்டிக்ஸ் நிறுவனத்தின் முதல் இயக்குநரானார். 1994இல் அதே விருதைப் பெற்றார். வெள்ளைக்கார அதிகாரி ஒருவருடைய மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து அதை வாங்கி, பிரித்துப் போட்டுப் படித்த ஜி.டி. நாயுடுவும் நம்மவர்தான். ஆட்களுக்கு இங்கே என்றும் பஞ்சமில்லை.

பஞ்சம் வேறிடத்தில். காஞ்சிபுரம் மாவட்டத்தில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வேதமும் இலக்கணமும் கற்பித்த பள்ளி, மாணவர் விடுதி, 15 படுக்கைகள் கொண்ட வீரசோழன் ஆதுலசாலை என்ற மருத்துவமனை, அங்கே இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளின் பெயர்கள், யாருக்கு எவ்வளவு நெல் என எல்லாம் வரி வரியாக அதில் இருக்கிறது. கல்விக்கும் சிகிச்சைக்கும் இவ்வளவு துல்லியமாகப் படியளந்த ஊர் என்று அதை வியக்காமல் இருக்க முடியாது. ஆனால் ஒரு வரி எனக்கு உறுத்துகிறது. மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல். கத்தி பிடித்து அறுவை செய்பவருக்கு 30 கலம். நெல் கணக்கில், ஏட்டறிவில் மூன்றில் ஒரு பங்குதான் கைத்திறனுக்கு மதிப்பு. ஆயிரம் ஆண்டு ஆகப்போகிறது, அந்தக் கணக்கை நாம் இன்னும் திருத்தவில்லை.

காஞ்சிப் பட்டே அதற்குச் சாட்சி. உடலையும் கரையையும் தனித்தனி நிறத்தில் இணைக்கும் கோர்வைக்கு மூன்று நாடா வேண்டும், தறியில் இன்னொரு ஆள் வேண்டும். அந்த இன்னொரு ஆள் நெடுங்காலம் குழந்தையாக இருந்தது. பள்ளிக்கூடம் போகாத அந்தக் கைகளை வேலை வாங்கிய சமூகம், அவற்றில் இருந்த நுட்பத்தைப் படிப்பாக மதிக்கவில்லை. அந்தக் கொடுமையை ஒழிக்கப் பலர் பாடுபட்டார்கள். பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். போன பிள்ளை கையை மறந்து மனப்பாடத்துக்குப் பழகியதுதான் அடுத்த இழப்பு. வீட்டில் செய்யும் ரோபோ கையையும் மூளையையும் மறுபடி ஒரே மேசையில் உட்காரவைக்கிறது. நான் அதற்கு இத்தனை முக்கியத்துவம் தருவது அதனால்தான்.

ஆனால் எல்லா வீட்டிலும் அந்த மேசைக்கு இடமில்லை, காசும் இல்லை. ஊர் நூலகத்தில் ஒரு மேசை போடலாம்: இரண்டு சால்டரிங் அயர்ன், ஒரு மல்டிமீட்டர், ஒரு டப்பா நிறைய மோட்டாரும் உணரியும். சனி, ஞாயிறு இரண்டு பேர் வந்து சொல்லிக்கொடுக்கட்டும். ஒருவர் நிரல் எழுதத் தெரிந்த ஆசிரியர். மற்றவர் ஜக்கார்டு பெட்டி பழுது பார்ப்பவர். இருவருக்கும் ஒரே ஊதியம். திருமுக்கூடலிலும் சுற்று ஊர்களிலும் இருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: வரும் ஆகஸ்ட் 15 கிராம சபையில் எழுந்து இதைக் கேளுங்கள். ஊதியம் சமம் என்பதையும் சேர்த்தே தீர்மானப் புத்தகத்தில் எழுதவையுங்கள்.