தமிழ் எச்சரிக்கை எந்தச் சேர்வரில் இருக்கிறது?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் தாக்கியபோது, அனர்த்த எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்தில் வரவில்லை என்ற குற்றச்சாட்டு பரவலாக எழுந்தது. பலாங்கொடைத் தோட்டங்களில் சரிவுகளின் கீழே லயன்களில் வாழ்பவர்களுக்கு இது மொழியுரிமைப் பிரச்சினை மட்டுமல்ல, உயிர்ப் பிரச்சினை.

தொழில்நுட்பத்தின் மீது பழி போட முடியாது. இன்று தொலைக்காட்சி நிலையங்களில் நிகழ்ச்சிகள் வீடியோ சேர்வர்களில் கோப்புகளாக இருக்கின்றன. எதை, எப்போது ஓடவிடுவது என்று ஒரு கணினி அந்தச் சேர்வருக்குக் கட்டளையிடும். அதற்கென லவுத் ஓட்டோமேஷன் நிறுவனம் 1990களில் உருவாக்கிய வீடிசிபி நெறிமுறை உலகெங்கும் பரவியது. விநாடிக்கு 38,400 பிட் வேகம். இன்றைய கணக்கில் ஆமை நடைதான். ஆனால் கட்டளைக்கு அது தாராளம். கோப்பின் அடையாளத்தைச் சொன்னால் சேர்வர் அதை ஆயத்தமாக வைத்திருக்கும். ‘ஓடு’ என்றதும் ஓடும். கோப்பு சிங்களமா தமிழா என்று அதற்குத் தெரியாது. இல்லாத கோப்பை ஓட்டவும் முடியாது.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை நிலைகள் மூன்றுதான். மூன்றுக்கும் தமிழ்க் குரலை மழைக்கு முன்பே பதிந்து ஒவ்வொரு நிலையத்திலும் வைத்திருக்கலாம். பிரதேச செயலகப் பெயர்களை மட்டும் அந்நேரம் எழுத்தில் சேர்த்தால் போதும்.

இலங்கை 2014இல் தெரிவுசெய்த ஜப்பானிய டிஜிட்டல் முறையில் அவசர எச்சரிக்கை வசதி உண்டு. அது வந்தாலும் நள்ளிரவில் தமிழ் வாசகத்தை எழுதுபவர் யார், அனுமதிப்பவர் யார்? தமிழை அரசகரும மொழியாக்கிய 13ஆவது திருத்தம் வந்தது 1987இல்.

மின்சாரம் போனால் தொலைக்காட்சியும் போய்விடும், உண்மைதான். ஆனால் அதே பதிவைத் தோட்டத்துக் கோயில் ஒலிபெருக்கிக்கும் முன்கூட்டியே கொடுத்து வைக்கலாம்.