நிலத்தடி நீரை அளந்தறிவோம்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறில்லை. கிணறே நமக்கு ஆறு. மாரியிற் பெய்யும் மழை சுண்ணாம்புக்கல்லினுள் இறங்கி, உவர்நீரின்மேல் நன்னீராய் மிதக்கின்றது. குடிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் அதனையே நம்பி வாழும் நாம், அந்நீர் கல்லினூடே எத்துணை எளிதாகச் செல்கின்றதென எண்ணிப் பார்ப்பதில்லை.

அதனை அறியும் வழி உண்டு. மணலினூடே நீர் செல்லும் விதியைப் பிரெஞ்சுப் பொறியியலாளர் டார்சி 1856இல் வெளியிட்டார். இன்று, ஒரு கிணற்றிற் சீராக நீரிறைத்து, அயற்கிணறுகளில் நீர்மட்டம் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு இறங்குகின்றதெனக் குறித்து, நிலத்தின் உட்புகவிடும் தன்மையைக் கணிக்கின்றனர்.

ஆயினும் நமது கல் மணலன்று. நீர் கரைத்த வெடிப்புக்களும் பொந்துகளும் அதில் மலிந்துள்ளன. ஒரு கிணறு விரைவில் வற்ற, வேலிக்கப்பாலுள்ள கிணறு வற்றாதிருத்தலுங் கூடும். ஆய்வுகூடத்துச் சிறு கற்றுண்டு இவ்வெடிப்புக்களைக் காட்டாது. எனவே, ஓரிடத்து அளவை ஊர் முழுமைக்கும் அளவாகக் கொள்ளுதல் தவறு. பல இடங்களில், மாரியிலுங் கோடையிலும் அளத்தல் வேண்டும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. நீர் எளிதிற் செல்லும் வழியே உரமும் மலக்குழிக் கழிவுஞ் செல்லும். மிகையாக இறைத்தால் உவரும் மேலேறும். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததென 2015ஆம் ஆண்டளவில் எழுந்த கவலையை நாம் மறத்தலாகாது. கெட்டபின் அளப்பதினும் கெடுமுன் அளப்பதே அறிவுடைமை.

நம் மாணவர் தத்தம் வீட்டுக் கிணற்றின் நீர்மட்டத்தை மாதந்தோறும் அளந்து ஏட்டிற் பதிவாராக. அவ்வேடு பின்வருவோர்க்கு நாம் விட்டுச்செல்லும் நற்செல்வமாகும்.