ஜோ விற்ற கூந்தல்

லூயிசா மே ஆல்காட்டின் 'லிட்டில் விமன்' (1868) பெண்பிள்ளைகளுக்கு அடக்கம் சொல்லித்தரும் நூல் என்று நம்புகிறவர்கள் அதைப் பாதியில் மூடியிருக்க வேண்டும். அது போர்க்காலத்து வீடு ஒன்றின் கதை. அப்பா அமெரிக்க உள்நாட்டுப் போரில். அம்மாவும் நான்கு மகள்களும் காசை எண்ணி எண்ணிச் செலவழிக்கிறார்கள். நோயில் கிடக்கும் அப்பாவிடம் அம்மா புறப்படும்போது, மகள்களில் ஒருத்தியான ஜோ தன் கூந்தலை 25 டாலருக்கு விற்று வருகிறாள். நகையை அடகு வைத்துப் பிள்ளையை விமானம் ஏற்றிய அம்மம்மாக்களை அறிந்த லண்டன் ரெய்னர்ஸ் லேன் பகுதி ஈழத்துக் குடும்பங்களுக்கு இது அந்நியக் கதையா? பேத்திகளுக்கோ நாம் 11 பிளஸ் பள்ளி நுழைவுத் தேர்வுக்கான பயிற்சிப் புத்தகங்களையே வாங்கிக் குவிக்கிறோம். இந்த நாவலின் முதல் பாகம் வந்ததுமே, அந்தப் பெண்கள் யாரை மணப்பார்கள் என்று வாசகிகள் ஆல்காட்டைத் துளைத்தார்கள். ஜோவை மணமாகாத எழுத்தாளராகவே விட நினைத்தவர், 1869இல் வந்த இரண்டாம் பாகத்தில் வளைந்துகொடுத்தார். தன் வாழ்க்கையில் வளையவில்லை. கடைசிவரை மணக்காமல், எழுதிச் சம்பாதித்தே குடும்பத்தைத் தாங்கினார். அக்கா தங்கைகள் உள்ள வீடுகளில் அம்மாக்களும் சேர்ந்து இதைப் படிக்கட்டும். 'எப்ப கலியாணம்?' என்று கேட்கும் பெரியப்பாக்களுக்கும் ஒரு பிரதி வாங்கிக் கொடுக்கலாம்.