மந்திரிமனையை மழைக்கு விடுவதா?

நல்லூரில், பருத்தித்துறை வீதியோரம், சட்டநாதர் கோயிலுக்கு அண்மையில் நிற்கிறது மந்திரிமனை. 2025 செப்டெம்பரிற் பெய்த மழையில் அதன் ஒரு பகுதி இடிந்து வீழ்ந்தது. இரண்டு நாள் வருந்தினோம். மூன்றாம் நாள் மறந்தோம்.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. எரித்தோரைக் குற்றஞ் சாட்டினோம், அது நீதியே. ஒல்லாந்தர் 1706 இற் கோட்டைக்குள் எழுப்பிய தேவாலயம் போரில் தரைமட்டமாயிற்று. போரைக் குற்றஞ் சாட்டினோம், அதுவும் நீதியே. மந்திரிமனைக்காக எவரைக் கூண்டில் ஏற்றப் போகிறோம்? மழையையா?

சட்டம் என்ன சொல்கிறது? மந்திரிமனை பாதுகாக்கப்பட்ட தொல்பொருட் சின்னம். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்படி, அத்தகைய கட்டடத்தை அனுமதிப்பத்திரமின்றித் திருத்துதல் குற்றமாகும். நிலமோ தனியார் உடைமை. உடையவர் தம் விருப்பப்படி ஓர் ஓடு மாற்ற இயலாது. உடையவரின் இணக்கமின்றித் திணைக்களம் வேலை தொடங்குவதும் எளிதன்று. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நிற்க, நடுவே சுவர் நனைகிறது. பாதுகாப்பு என்பது பலகையில் இருக்கிறது, கூரையில் இல்லை.

“அரசாங்கமே காணியை எடுத்துக்கொள்ளட்டும்” என்பர் சிலர். 1950 ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டம் அதற்கு இடந்தருகிறது என்பது உண்மை. ஆனால், காணி எடுத்தல் என்ற சொல்லைக் கேட்டதும் எம் கமக்காரரின் நெஞ்சு ஏன் பதைக்கிறது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. 2020 ஜூனிற் கிழக்கு மாகாணத் தொல்பொருளுக்கென ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டபோது, முதலில் நியமிக்கப்பட்டோருள் ஒரு தமிழரும் இல்லை. ஒரு முஸ்லிமும் இல்லை. எம் ஐயத்திற்குக் காரணம் உண்டு. எனினும் ஐயம் கூரையாகாது.

“மாகாண சபை செய்யட்டும்” என்பர் வேறு சிலர். 1987 ஆம் ஆண்டின் 13 ஆந் திருத்தம், மாகாணம் நடத்தும் நூதனசாலைகளையும், தேசிய முக்கியத்துவமுடையவையெனப் பாராளுமன்றச் சட்டத்தால் அறிவிக்கப்படாத பழஞ் சின்னங்களையும் மாகாணத்தின் பட்டியலிற் சேர்த்தது. வடக்கிற்கெனத் தனியான முதலாவது சபை 2013 இலேதான் வந்தது. 2018 ஒக்டோபரில் அதன் காலம் முடிந்தது. சபைக்காகக் காத்திருக்கும் பொறுமை எமக்கு இருக்கலாம். சுண்ணாம்புச் சுவருக்கு இல்லை.

இனி மூன்றாவது ஆட்சேபம்: “இது அரசர் காலத்துக் கட்டடமே அன்று, நாவலர் வீதியில் ஒரு நூதனசாலை இருக்கிறதே, இன்னொன்று எதற்கு?” இன்று நிற்கும் மனை 1619 இற் கவிழ்ந்த அரசிற்குப் பிந்தியது என்றே ஆய்வாளர் பலர் கருதுவர். இருக்கட்டும். ஐரோப்பியர் பாணியும் தமிழ்த் தச்சனின் கைவேலையும் ஒரே மரத்திற் கலந்த வீடு அது. அரசன் இருந்தால்தான் வரலாறு, குடிகள் இருந்தால் வரலாறில்லை என்று எந்தச் சட்டம் சொல்கிறது?

குடிகளின் வரலாற்றுக்கே அங்கு இடம் வேண்டும். கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி 1707 இற் தொகுத்து முடித்த தேசவழமையைத் தமிழ் முதலிமார் 12 பேர் பார்த்து ஒப்பினர். 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரமாணம் அதற்குச் சட்டவலு அளித்தது. அந்த வழமையின்படி எழுதிய ஒற்றியுறுதியும் சீதனவுறுதியும் இன்று எங்கே? உங்கள் வீட்டுத் தகரப்பெட்டியிற் கறையானுக்கு இரையாகின்றன. துலாவும் பட்டையும் கலப்பையும் விறகுக் கொட்டிலிற் கிடக்கின்றன.

ஆகவே நான் முன்வைக்கும் வழி இதுவே. 1917 ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ் ஒரு தரும நம்பிக்கை நிறுவப்படுக. உடையவரின் உரித்துக்குப் பழுதின்றி, நெடுங்காலக் குத்தகையில் மனையைப் பெறுக. அனுமதிப்பத்திரத்தை நம்பிக்கையே கோருக. திணைக்களம் வேலையை மேற்பார்வை செய்க. பொறுப்பாளர் சபையிற் சட்டத்தரணிக்கும் வைத்தியருக்கும் உள்ள அதே வாக்கு கமக்காரருக்கும் இருக்கட்டும். உறுதி எழுதும் கூலியை நாம், சட்டத்தரணிகள், வாங்காதொழிவோம். கடல்கடந்த எம்மவர் பணந் தருவர். ஆனால் பெட்டியைத் திறந்து பழைய உறுதியைத் தர வேண்டியவர் நீங்களே.

உரிமை கேட்கும் சமூகம் முதலிற் சான்று காட்ட வேண்டும். சான்றைக் காக்கத் தவறியவனின் வழக்கு, நீதிபதி எவ்வளவு நல்லவராயினும், தோற்கும். அடுத்த மாரி வருமுன் முதலாவது ஓட்டை மாற்றுவோம்.