வங்கதேசம்: மின்நிலையம் இருக்கிறது, எரிபொருள் எங்கே?

2022 மார்ச் 21 அன்று பாய்ரா அனல்மின் நிலையத்தைத் திறந்துவைத்த அன்றைய பிரதமர் ஷேக் ஹசீனா, நாட்டு மக்கள் அனைவருக்கும் மின்சாரம் சென்று சேர்ந்துவிட்டதாக அறிவித்தார். நான்கே மாதங்களில், ஜூலை 19 முதல், வங்கதேசம் முழுவதும் முறைவைத்து மின்வெட்டு தொடங்கியது. டீசல் மின்நிலையங்கள் நிறுத்தப்பட்டன. கடைகளை இரவு 8 மணிக்கு மூடச் சொன்னார்கள். பள்ளிவாசல்களில் தொழுகை நேரம் தவிர மற்ற நேரங்களில் ஏசி வேண்டாம் என்றது அரசு. அக்டோபர் 4 அன்று மின்தொகுப்பே செயலிழந்து, நாட்டின் பெரும்பகுதி பல மணி நேரம் இருளில் கிடந்தது.

மின்நிலையங்கள் போதாமல் வந்த வினை அல்ல இது. 2009இல் சுமார் 5,000 மெகாவாட்டாக இருந்த உற்பத்தித் திறன் அதற்குள் 20,000 மெகாவாட்டைத் தாண்டியிருந்தது. அன்று வீட்டுக்கு மின்சாரமே எட்டாதவர்கள் நாட்டில் சரிபாதி. ஆயத்த ஆடைத் தொழிலோ வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. அரசு அவசரப்பட்டதில் நியாயம் இருந்தது. அவசரத்தில் போட்ட ஒப்பந்தங்களில்தான் கோளாறு. 2010இல் ஒரு சிறப்புச் சட்டம் வந்தது. டெண்டர் இல்லாமலே மின்நிலைய ஒப்பந்தம் போடலாம், அதை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது என்றது அச்சட்டம். தற்காலிகம் என்று வந்தது, நீட்டிப்பு மேல் நீட்டிப்பு பெற்று 2024 நவம்பர் வரை நீடித்தது.

இந்த ஒப்பந்தங்களில் 'கெப்பாசிட்டி சார்ஜ்' என்று ஒன்று உண்டு. மாத வாடகைக்கு வண்டி எடுக்கிறோம். டீசல் போடக் காசில்லாமல் வாசலிலேயே நிறுத்தி வைத்தாலும் வாடகையைக் கொடுத்தாக வேண்டும் அல்லவா? அதேதான். 2024 ஏப்ரலின் கொடும் வெயிலில்கூட உச்ச உற்பத்தி 16,500 மெகாவாட்டை எட்டவில்லை. திறனோ 25,000 மெகாவாட்டுக்கும் மேல். சும்மா நிற்கும் நிலையங்களுக்கும் மக்கள் பணம் போய்க்கொண்டிருக்கிறது.

சரி, எரிபொருள் ஏன் இல்லாமல் போனது? ஒரு காலத்தில் வங்கதேசத்தின் மின்சாரத்தில் பெரும்பகுதி சொந்த மண்ணின் இயற்கை எரிவாயுவிலிருந்து வந்தது. அந்த வயல்கள் வற்றத் தொடங்கியதும், 2018 முதல் கப்பலில் திரவ எரிவாயு இறக்குமதியானது. நீண்டகால ஒப்பந்தங்கள் போக மீதியை அன்றாடச் சந்தையில் வாங்கினார்கள். உக்ரைன் போரால் அந்தச் சந்தையில் விலை எகிறியது. ஐரோப்பாவோடு போட்டியிட்டு வாங்க டாக்காவிடம் டாலர் இல்லை.

எரிவாயுவை மட்டும் நம்பக் கூடாது என்பதை ஆட்சியாளர்களும் அறிந்தே இருந்தார்கள். பாய்ரா, ராம்பால், மாத்தர்பாரி என்று நிலக்கரி நிலையங்கள்; பத்மா நதிக்கரை ரூப்பூரில் 2,400 மெகாவாட் அணுமின் நிலையம் (கூடங்குளத்தில் உலை அமைத்த அதே ரஷ்ய நிறுவனம்தான்); ஜார்க்கண்டின் கோட்டாவிலிருந்து அதானியின் 1,600 மெகாவாட். பட்டியலைப் பார்த்தால் பன்முகம் போலத் தெரியும். ஆனால் நிலக்கரி இறக்குமதி, எண்ணெய் இறக்குமதி, அணு உலையின் பெரும்பகுதி ரஷ்யக் கடன். எல்லாக் கதவும் டாலர் என்ற ஒரே முற்றத்தில்தான் திறக்கின்றன. அதனால்தான் 2023 ஜூனில் நிலக்கரிக்குப் பணம் கட்ட முடியாமல் பாய்ராவே நின்றது. 2024 இறுதியில் பாக்கிக்காக அதானி விநியோகத்தைப் பாதியாகக் குறைத்ததும் இதனால்தான்.

வெயில் மட்டும்தான் டாலர் கேட்காமல் வருகிறது. இதில் வங்கதேசம் உலகத்துக்கே முன்னோடி. 2003 முதல் 2018 வரை 41 லட்சம் கிராமத்து வீடுகளில் சிறிய சூரியத் தகடுகள் மாதத் தவணையில் பொருத்தப்பட்டன (அந்தத் தவணைக்கு வட்டி உண்டு என்ற வருத்தம் நமக்கு வேறு). சுமார் 2 கோடிப் பேர் அந்த வெளிச்சத்தில் இருந்தார்கள். கம்பி வழி மின்சாரம் வந்ததும் தகடுகள் பரணுக்குப் போயின. இன்றும் நாட்டின் மின்சாரத்தில் சூரியனின் பங்கு மிகச் சொற்பம்.

நெல் விளையும் டெல்டாவில் பெரிய சூரியப் பூங்காக்களுக்கு நிலம் கிடைப்பது கடினம் என்பது உண்மையே. ஆனால் ஆடைத் தொழிற்சாலைகளின் கூரைகள் இருக்கின்றன. போரோ நெல்லுக்குத் தண்ணீர் இறைக்கும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பம்புகள் இருக்கின்றன. போரோ பருவம் கோடைக்குள் நீள்கிறது. அண்மைய ஆண்டுகளில் ரமளானும் அதே மாதங்களில் வந்ததால், இஃப்தாருக்கும் தராவீஹுக்கும் ஸஹருக்கும் மின்சாரம் தருவதாக அரசு வாக்களிக்க வேண்டியிருந்தது. பகலில் பம்புகள் வெயிலில் ஓடினால் அந்த டீசலும் அந்த டாலரும் மிச்சம்.

நேபாளத்தின் நீர்மின்சாரமும் இந்தியக் கம்பிகள் வழியே வரத் தொடங்கிவிட்டது. இப்போதைக்கு 40 மெகாவாட், அதுவும் மழை மாதங்களில் மட்டும்.